ஆவுளியா நிமிர்ந்து நின்று பால் கொடுப்பதில்லை

"இராமநாதபுரம் கடலில் பெண்ணைப் போல நிமிர்ந்து நின்று, குட்டியை மார்போடு அணைத்துப் பாலூட்டும் அதிசய மீன்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. பாலூட்டுவது மட்டுமே இதில் உண்மை.

அது மீனும் அன்று. மண்டபம், தொண்டி மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு, நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி. தாயின் இரண்டு முலைக்காம்புகளும் மார்பின் நடுவில் இல்லை. இருபுறத் துடுப்புகளுக்கும் பின்னால், நம் அக்குள் போன்ற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. அதனால் கைக்குழந்தையைப் போலக் குட்டியைத் துடுப்பால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே தாய்க்கு இல்லை. குட்டி தாயின் விலாவை ஒட்டி நீந்தி வந்து, துடுப்பின் பின்புறம் வாயை வைத்து நீருக்கடியிலேயே குடிக்கிறது. மூச்சு முட்டும்போது காம்பை விட்டு மேலே வந்து, மூக்கை மட்டும் நீட்டிக் காற்றை இழுத்துக்கொண்டு மீண்டும் தாயிடம் இறங்குகிறது. நேரில் காணக் கிடைத்தால், இட்டுக்கட்டிய அந்தச் செய்தியைவிட இதுவே மனத்தை நெகிழச் செய்யும்.

ஓராண்டுக்கு மேல் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் ஆவுளியா ஈனும். பிறந்த சில வாரங்களிலேயே குட்டி கடற்புல்லைக் கடிக்கத் தொடங்கினாலும், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை தாய்ப்பாலை விடுவதில்லை. அடுத்த ஈற்றுக்கோ பல ஆண்டுகள் ஆகும். தாய் வலையில் சிக்கி மூச்சடைத்து இறந்தால், பால்குடி மறக்காத குட்டியும் பிழைப்பது அரிது.