90 வினாடியில் வெட்டிய முடி

பள்ளி மல்யுத்தத்தில் முடிக்கு எதற்கு விதி என்று கேட்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. விதி வேண்டும். அதை எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

2018 டிசம்பர் 19. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ப்யூனா ரீஜனல் உயர்நிலைப் பள்ளி. 120 பவுண்டு பிரிவு, நம் கணக்கில் ஏறக்குறைய 54 கிலோ. 16 வயதுக் கறுப்பின மாணவன், திரிதிரியாகத் திரண்ட டிரெட்லாக்ஸ் முடி. மோத வேண்டிய நேரத்தில் நடுவர் சொல்கிறார்: முடியும் சரியில்லை, அதை மூடும் தொப்பியும் விதிப்படி இல்லை. 90 வினாடிக்குள் முடியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தை எதிரிக்கு விட்டுவிட வேண்டும். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் மேட் ஓரத்தில் நிற்கவைத்து, கத்தரிக்கோலால் முடியை நறுக்கினார்கள். பையன் கூடுதல் நேரத்தில் வென்றான். நடுவர் அவன் கையைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். ஜெயித்தவனின் முகம் அல்ல அது.

‘விதி விதிதானே’ என்று அன்றும் பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். சரி, விதியையே எடுத்துப் பார்ப்போம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதிநூல் வெளியிடுவது தேசிய கூட்டமைப்பு. அன்றைய விதிப்படி முடி முன்பக்கம் புருவத்துக்குக் கீழே வரக்கூடாது, பக்கவாட்டில் காது மடலின் அடி நுனியைத் தாண்டக்கூடாது, பின்பக்கம் சாதாரணச் சட்டைக் காலரின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது. அதைவிட நீளமானால் தொப்பி போட வேண்டும். அந்தத் தொப்பி காதுக்கவசத்தோடு பிணைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நீள முடிக்கு விதி சொன்ன வழி தொப்பிதான். கத்தரிக்கோல் அல்ல.

தொப்பியைக் கவசத்தோடு பிணைக்கச் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. தனியாக மாட்டிய வழவழப்பான தொப்பி வியர்வையில் நனைந்ததும் வழுக்கும். எதிராளி தலையைப் பிடித்து ஒருமுறை கீழே இழுத்தாலே கழன்று கையோடு வரும். கண்ணை மறைக்கும், ஆட்டம் நிற்கும். அடர்ந்த முடிக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முடியின் பருமனால் கவசத்தின் வார்கள் மேலேறி, காதை மூட வேண்டிய கிண்ணம் விலகிவிடும். காது திரும்பத் திரும்ப நசுங்கினால் உள்ளே இரத்தம் கட்டி, காலிஃபிளவர் போல வீங்கி, அப்படியே இறுகிப்போகும். அதனால் பாதுகாப்பு என்று சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. சுகாதாரம் என்று சொல்லும் காரணம்தான் பலவீனம். படர்தாமரை தலையிலும் வரும், உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தோல் பரிசோதனை இருக்கிறது. முடியின் நீளத்தை அளந்து படர்தாமரையைக் கண்டுபிடிக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் பார்க்க ஒரு நேரம் இருக்கிறது. எடை பார்க்கும்போதும், ஆட்டத்துக்கு முந்தைய பரிசோதனையிலும் நடுவர் வரிசையாக ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும்: நகம் வெட்டியிருக்கிறதா, தோலில் புண் உண்டா, கவசம் சரியாக உட்காருகிறதா, முடி எப்படி. அங்கே ‘உன் தொப்பி செல்லாது’ என்று சொன்னால் பையனுக்கு நேரம் கிடைக்கும். வேறு தொப்பி தேடலாம், அணித்தோழனிடம் இரவல் வாங்கலாம், கவசத்தோடு சேர்த்து மாட்டிக் காட்டலாம். பயிற்சியாளர் விதிநூலைப் புரட்டிக்கொண்டு வாதாடலாம். அன்று நடுவர் எடை பார்க்கும் நேரத்துக்குத் தாமதமாக வந்தார், அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை என்று மாணவனின் குடும்ப வழக்கறிஞர் சொன்னார். நடுவரிடம் தவறிய நேரத்தை மாணவனின் தலையிலிருந்து வசூலித்தது எந்த நியாயம்?

இழப்பின் அளவையும் பாருங்கள். மொத்த ஆட்டமே இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று. அந்த ஆறு நிமிடத்துக்காக, வளர வருடக்கணக்கில் ஆகும் முடியை வெட்டச் சொல்வதா? தவறு சிறியது, பரிகாரம் திருப்பித் தர முடியாதது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க ஒரு வயது வந்தவர் எப்படித் துணிந்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதிலும் ‘இயல்பான நிலையில் முடி’ என்ற வார்த்தையை விதியில் வைத்துவிட்டு, எது இயல்பு என்பதை ஒருவரின் கண்ணுக்கு விட்டால், சுருள்முடிக்காரர்தான் எப்போதும் மாட்டிக்கொள்வார்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் முடியை வெட்டியும் 100 கிராம் கூடுதலாகி வெளியேறியது நமக்கெல்லாம் வலித்தது. ஆனால் அந்த 50 கிலோ எல்லோருக்கும் ஒன்று, முன்கூட்டியே தெரிந்தது, தராசு ஆள் பார்ப்பதில்லை. ப்யூனாவில் தராசின் இடத்தில் ஒரு மனிதரின் பார்வை இருந்தது.

2019 செப்டம்பரில் மாநில அரசின் குடிமை உரிமைகள் பிரிவும் பள்ளி விளையாட்டுச் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நடுவருக்கு இரண்டு சீசன் தடை. நடுவர்களுக்கு, நம்மை அறியாமலே நம்முள் இருக்கும் பாகுபாடு பற்றிய பயிற்சி. அதே ஆண்டு டிசம்பர் 19, சரியாக ஒரு வருடம் கழித்து, முடியின் தன்மையையும் சடை, டிரெட்லாக்ஸ் போன்ற அலங்காரங்களையும் வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரௌன் சட்டத்தில் நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார். கலிஃபோர்னியா அதற்கு முன்பே, 2019 ஜூலையில், அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது விதிநூலிலேயே வந்த மாற்றம். 2021-22 சீசனிலிருந்து முடி நீளத்துக்கு வரம்பே இல்லை. புருவம், காது மடல், காலர் எல்லாம் போயிற்று. மணி, ஊசி, கிளிப் போல முடியில் மாட்டும் கடினமான, கீறக்கூடிய பொருள்களுக்குத்தான் தடை. எது எதிராளியின் கண்ணைக் கிழிக்குமோ அதைத் தடுக்கிறது, ஒருவரின் தலையில் இயல்பாக வளர்ந்ததை விட்டுவிடுகிறது. இப்படி எழுத முடியும் என்பது 2018-இலும் யாருக்காவது தோன்றியிருக்கலாம்.

இனியும் பயிற்சியாளர்கள் ஒன்று செய்ய வேண்டும். எடை பார்க்கும் வரிசையிலேயே ஒவ்வொரு மாணவனையும், மாணவியையும் கவசம் மாட்டவைத்து நடுவர் முன் நிறுத்தி, ‘சரியா?’ என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலை அங்கேயே வாங்கிவிடுங்கள்.