தவக்கை கத்தாத தரவை

இந்த மாரியிலும் எங்கட தரவையில் தவக்கை, அதுதான் தவளை, கத்தவில்லை.

ஆனையிறவுக்குத் தெற்கே, வயல் முடிகிற இடத்தில் அந்த உவர்த் தரவை, உப்பு மண் வெளி, தொடங்கும். உமரிச் செடியும் கோடையில் உப்புப் பூத்து வெடித்த தரையும்தான். ‘ஒண்டுக்கும் உதவாத உவர்’ என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஊரின் கட்டட இடிபாடெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு குறுக்கே ஒரு கிறவல் றோட்டு. நல்ல றோட்டுத்தான், நானும் அதில்தான் மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். மதகுதான் வைக்கவில்லை.

உவர் என்றால் வருசம் முழுக்க ஒரே உப்பில்லை. கார்த்திகை மழை மேல்மண்ணைக் கழுவி உப்பைக் களப்புக்கு, கடலோர உப்புநீர் ஏரிக்கு, கொண்டுபோகும். பிறகு கொஞ்ச நாளைக்கு மேட்டோரப் பள்ளங்களில் நிற்பது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். தவக்கை காத்துக் கிடப்பது அதற்குத்தான். அதன் தோல் தண்ணீரை மறிக்காது. வெளியே உப்பு கூடினால் உடம்புத் தண்ணீர் கசிந்து போய்விடும். முட்டைக்கும் வாற்பேய்க்கும் இன்னும் மோசம். தென்கிழக்காசியாவில் உப்புநீரில் வளரும் கண்டல் காடுகளில் ஒரு தவளை இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்பைச் சமாளிக்கிறதாம். எங்கட தவக்கைக்கு அந்தளவு வித்தை தெரியாது.

இப்போது வெள்ளம் றோட்டோடு முட்டி நின்று, அங்கேயே வற்றி, உப்பையும் அங்கேயே விட்டுவிடுகிறது. போன தையில் டிப்பர் தடமொன்றில் தேரை முட்டை கண்டேன். கண்ணாடி நூலில் கறுப்பு மணி கோத்தது போல இரண்டு சரம். ஒரு கிழமை கழித்துப் போனால் தடத்தின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. சரம் காய்ந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

சதுப்பை மீட்பது என்றதும் எல்லாருக்கும் கண்டல் கன்றுதான் ஞாபகம் வரும். பனர், தொப்பி, படம். இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும் காரணம். தரவையைக் காடாக்க வேண்டாம். இடிபாட்டை அள்ளி, றோட்டுக்குக் கீழே மூன்று குழாய் போட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஒரு மாரியில் சரிவராது, நாலைந்து மாரி பொறுக்க வேண்டும்.

‘மதகு வைத்தால் உவர் வயலுக்கு ஏறாதோ?’ என்று பக்கத்து வயல் அண்ணை கேட்டார். நியாயமான பயம். அதற்குத்தானே பலகை இருக்கிறது. மழைக்குத் திறந்து, களப்பு ஏறுகிற நாளில் போட்டு மூடலாம். குளத்துத் துரிசைப் பூட்டித் திறக்கிற ஊருக்கு இது பெரிய வேலையோ?

பறவைச் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. பூநாரைக்கு எல்லைக்கல் கிடைத்தது, சந்தோசம். தவக்கையைப் பார்க்க ஆர் கமெராவோடு வருவினம்?

போன கிழமை ஒரு அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். வாசித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தவக்கைக்கோ மதகு?”

“ஓம் ஐயா, தவக்கைக்குத்தான்.”

முத்திரை குத்தி வாங்கி வைத்தார்.