மனச்சிதைவுக்கு மாயக் காளானா?

“ஏர்வாடி தர்காவில் வருடக்கணக்கில் தங்கவைப்பதற்குப் பதில் மாயக் காளானைத் துளித்துளியாகக் கொடுங்க, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) குணமாகும், வெளிநாட்டில் நிரூபிச்சாச்சு” என்று மேலே எழுதியிருக்கும் தம்பிக்கு: நிரூபிக்கவில்லை. பேச்சு குறைவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது போன்ற அறிகுறிகளுக்குக் குறைந்த அளவு உதவுமா என்பது சில ஆய்வாளர்களின் ஊகம், அவ்வளவுதான். சைலோசைபின் (மாயத் தோற்றங்களைக் காட்டும் அந்தக் காளானில் உள்ள பொருள்) பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மனச்சிதைவு உள்ளவர்களைச் சேர்ப்பதே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் பலவற்றில் இடமில்லை. அந்தப் பொருள் மூளையில் செரட்டோனின் 2ஏ ஏற்பியை (செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடம்) தூண்டுகிறது. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் போன்ற மருந்துகள் அதே ஏற்பியைத் தடுக்கின்றன. இதை நம்பி ஏர்வாடிக்குப் பக்கத்தில் கீழக்கரையில் யாராவது மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்ப முற்றலாம்.

2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அப்படிக் கட்டிவைப்பதற்கு மாற்று மனநல மருத்துவர்தான், காளான் இல்லை. தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்க, இலவசம்.