ஒயினுக்கா, ஒயின் ஷாப்புக்கா?

(திருப்பூர். பனியன் கம்பெனி வாசல். மெர்ச்சண்டைசர் தம்பியும் டிரைவர் அண்ணனும்.)

தம்பி: நாளைக்கு இத்தாலி பையர் வர்றாருங்ணா. வண்டிய ஒயின் ஷாப்புக்கு வுடுங்.

அண்ணன்: ஒயினுக்கா, ஒயின் ஷாப்புக்கா? ரெண்டுக்கும் ரூட்டு வேறீங்.

தம்பி: ரெண்டும் ஒண்ணுதானுங்?

அண்ணன்: பன்னண்டு மணிக்கு ஷட்டர் தூக்கறப்ப முண்டறாங்களே, அங்க போயி "ரெட் ஒயின் குடுங்"ன்னு கேளுங். பின்னாடி நிக்கறவரு உங்களுக்குக் காச்சலான்னு தொட்டுப் பாப்பாரு. 2003ல சர்க்காரே கடைய எடுத்துக்கிச்சு, பேரு மட்டும் ஒயின் ஷாப்புன்னே நின்னுபோச்சு.

தம்பி: அப்ப எங்கீங் போறது?

அண்ணன்: கோயமுத்தூர்ல எலைட் கடை, டாஸ்மாக்கோட ஒசத்திக் கடைங். அங்கயும் ராத்திரி ஏசிய நிறுத்தறாங்களான்னு கேட்டுக்கோணும். ஒயினுக்கு 12, 13 டிகிரி வேணும். நம்மூரு சித்திரைக்கு 38.

தம்பி: குவாட்டர்ல கெடைக்குமுங்ளா?

அண்ணன்: 750 மில்லி தம்பி. கண்ணாடிக்குப் பக்கத்துல வெயில் படற பாட்டிலத் தொடாதீங். தக்கை வெச்சது மாசக்கணக்கா நட்டமா நின்னா தக்கை காஞ்சு காத்து பூந்துரும், படுத்துத்தான் கெடக்கோணும்.

தம்பி: அப்ப நிக்கறதெல்லாம் கெட்டது.

அண்ணன்: திருகு மூடின்னா நிக்கலாம். கழுத்தத் தடவிப் பாருங். தக்கை மேல தள்ளி நின்னாலோ, பிசுபிசுன்னு ஒட்டுனாலோ, எங்கியோ லாரியில வெந்து வந்துருக்குதுன்னு வெச்சுக்குங். வெள்ளை ஒயின்னா வருசத்தையும் பாருங். சாதா வெள்ளைய ரெண்டு மூணு வருசத்துல குடிச்சரோணும்.

தம்பி: பழசுன்னாத்தான் ருசிம்பாங்களே?

அண்ணன்: அது புளிக்குத் தம்பி.

தம்பி: பெங்களூர்ல நல்ல கடை இருக்குமுங்ளா?

அண்ணன்: தனியார் கடைங்க. நாலு கடை ஏறி எறங்கலாம், நந்தி மலைத் திராட்சைத் தோட்டமும் பக்கந்தான். நாசிக்ல தோட்டத்துலயே ருசி பாத்து வாங்கலாம். பாண்டிச்சேரியில வெல கம்மி, ஆனா திரும்பி வரையில செக்போஸ்ட்டுல டிக்கியத் தொறக்கச் சொல்லுவாங்க. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே குடுத்தாச்சு. பழத்துக்குப் பேரு வந்துருச்சு, கடைக்கும் பேரு இருக்குது, நடுவுல ஒயினத்தான் காணோம்.

தம்பி: அந்த ஒயின் குவாட்டர்ல...

அண்ணன்: வண்டியில ஏறுங் மொதல்ல.

தம்பி: ரெண்டு பாட்டில் வாங்கி டிக்கியில போட்டுக்கலாம்ங்.

அண்ணன்: மத்தியான வெயில்லயா? டிக்கி அடுப்பு மாதிரி காயும். முன் சீட்டுல ஏசிக்கு நேரா படுக்க வெச்சர்லாம்.

தம்பி: அப்ப நான் எங்கீங் உக்கார்றது?

அண்ணன்: டிக்கி சும்மாத்தானுங் கெடக்குது.