லைவ் அணைந்த பிறகு

சபையின் ஞாயிறு காலை யூடியூப் லைவில், இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, சாட்டில் ஒரு வரி வந்து விழுகிறது: "ஐயா, என் வீட்டுக்காரர் குடியை விடணும், ஜெபிங்க." பின்னாலேயே ஒரு செல் நம்பர். அடுத்தடுத்து நாற்பது "ஆமென்", கைகூப்பும் எமோஜிகள். அரை நிமிஷத்தில் அந்த வரி மேலே ஏறி மறைந்துவிடுகிறது. அதை யார் வாசித்தார்கள்? ஆன்லைன் ஊழியத்தில் தலைமைத்துவம் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் எனக்குக் கேள்வி இந்த ஒன்றுதான்.

'ஊழியக்காரர்' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். மாற்கு 10:43-44இல் இயேசு இரண்டு சொற்களை அடுத்தடுத்துச் சொல்கிறார். கிரேக்கத்தில் ஒன்று டியாகொனோஸ், பந்தியில் பரிமாறுகிறவன். இன்னொன்று டூலோஸ், அடிமை. தமிழிலும் அந்தச் சொல்லுக்குப் பளபளப்பு கிடையாது. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி தராமல் வாங்கும் கட்டாய வேலை. இன்றைக்கு அதே சொல் பத்தடி பேனரில், கோட் போட்ட படத்துக்குக் கீழே பட்டமாக நிற்கிறது. யோவான் 13இல் இயேசு போஜனத்தை விட்டு எழுந்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, தண்ணீர் வார்த்து ஒவ்வொரு காலாகக் கழுவினார். யூதாஸின் காலும் அதில் உண்டு. கால் கழுவுவதை மொத்தமாகச் செய்ய முடியாது. ஆன்லைனில் வியூஸ் மொத்தமாக வரும், ஜெபக்குறிப்பு ஒவ்வொன்றாகத்தான் வரும்.

ஆகவே ஜெபக்குறிப்பிலிருந்தே தொடங்குவோம். லைவ் சாட்டில் வரும் நம்பர்தான் முதல் ஆபத்து. அந்த நம்பரை எடுத்து, பாஸ்டர் படத்தை டிபியாக வைத்த போலி வாட்ஸ்அப் கணக்கிலிருந்து "சிஸ்டர், உங்களுக்காக உபவாச ஜெபம் வைத்திருக்கிறோம், காணிக்கை அனுப்புங்கள்" என்று மெசேஜ் போகும். வீட்டுக்காரரின் குடி பற்றி அந்த மோசடிக்காரனுக்கும் தெரியும், ஏனென்றால் அந்த அக்காவே பொதுவில் எழுதியிருக்கிறார். நம்பாமல் என்ன செய்வார்? இதைத் தடுக்க லைவ் முழுக்க சாட்டை மட்டும் பார்க்க இரண்டு பேர் வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். நம்பர் தெரிந்த உடனே அந்த வரியை நீக்க வேண்டும். ஸ்லோ மோட் போட்டால் வரிகள் ஓடும் வேகம் குறையும், வாசிக்க முடியும். சாட் ரீப்ளே என்று ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். லைவ் முடிந்தாலும் வீடியோவோடு அந்தச் சாட்டும் வருஷக்கணக்கில் கிடக்கும். ரீப்ளேயை அணைத்துவிடுங்கள்.

ஜெபக்குறிப்பு வாங்க ஒரு ஃபார்ம் போதும். பெயர், ஊர், விஷயம். நம்பர் கட்டாயமாக இருக்கக் கூடாது, திருப்பிக் கூப்பிட வேண்டும் என்கிறவர் மட்டும் தரட்டும். அதைத் திறந்து பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அழித்துவிட வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? ஃபார்மின் ஸ்கிரீன்ஷாட் 200 பேர் இருக்கும் ஜெபக்குழுவுக்குப் போகிறது. 'பாரத்தோடு ஜெபியுங்கள்' என்ற தலைப்பில் ஊர்ச்செய்தி பரவுகிறது.

வளைகுடா விஷயம் இன்னும் கவனம். சவுதியில் தேவாலயக் கட்டடம் கிடையாது. அங்கே வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குச் செல்போனில் வரும் இந்த லைவ்தான் சபை. "ரியாத்திலிருந்து சகோதரி இன்னார் நம்மோடு இணைந்திருக்கிறார், அல்லேலூயா" என்று மைக்கில் பெயரையும் ஊரையும் சேர்த்து வாசிப்பது அன்பு போலத் தெரியும். அந்த வீடியோ அவருடைய முதலாளி வீட்டுக்குப் போனால் பதில் சொல்லப்போவது அந்தப் பெண்தான். "தூரத்திலிருந்து இணைந்திருக்கிறவர்கள்" என்றால் போதும்.

சில வரிகளுக்கு ஜெபம் மட்டும் போதாது. "இனி வாழப் பிடிக்கல" என்று ஒருவர் எழுதினால் "கர்த்தர் உங்களை நேசிக்கிறார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த கமெண்டுக்குப் போகக் கூடாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த ஊர் என்று கேட்டு, ஒருவர் பேச்சில் இருக்கும்போதே இன்னொருவர் அவர் வீட்டாரைத் தேட வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 நாள் முழுக்கத் தமிழிலும் கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்று யாராவது சொன்னால் 'இரகசியமாக ஜெபிப்போம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. அது சபையின் மூத்தவரைப் பற்றிய புகாராக இருந்தாலும் சட்டம் மாறாது. குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சாட் பார்க்கிறவர்களின் மேசையில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்து, சுகமளிக்கும் சாட்சி. லைவிலேயே ஒருவரை எழுப்பி, "சுகர் போயிடுச்சு பாஸ்டர், ஊசியை நிறுத்திட்டேன்" என்று சொல்லவைத்தால் கைத்தட்டல் அதிரும். அதைப் பார்க்கிற டைப் 1 சர்க்கரை நோயுள்ள ஒரு பிள்ளையின் தாய் இன்சுலினை நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் நிறுத்துகிறவருக்கு, அடுத்த முறை மருந்துக்கு அடங்காத காசநோயாக வரக்கூடும். சாட்சியை நேரலையில் எடுக்காதீர்கள். பதிவு செய்து, மருத்துவ அறிக்கையைப் பார்த்து, எழுத்தில் சம்மதம் வாங்கி, பின்னால் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்று சொல்லிப் போடுங்கள். 'டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்' என்ற ஒரு வரி திரையில் இருந்தால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது. யாக்கோபு 5:14 மூப்பர்களைக் கூப்பிடச் சொல்கிறது, மருந்தைக் கொட்டச் சொல்லவில்லை.

ஷார்ட்ஸ் பற்றி என் எரிச்சல் தனி. நாற்பது நிமிடப் பிரசங்கத்திலிருந்து நாற்பது விநாடியை வெட்டும் தம்பிக்கு எடிட்டிங் தெரியும், வேதம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களின் ராஜா. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது, அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே செத்திருப்பார்கள். அந்த 70 வருஷத்தை வெட்டிவிட்டு 11ஆம் வசனத்தை மட்டும் போட்டால், அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். கிடைக்காதபோது பாஸ்டர் மேல் வராத கோபம் கடவுள் மேல் வரும். வெட்டின துண்டைப் பிரசங்கித்தவரே பார்த்து 'சரி' என்ற பிறகுதான் அது வெளியே போக வேண்டும். தப்பாகப் போதித்தது தெரிந்தால் சத்தமில்லாமல் அழிக்காமல், அதே சேனலில் திருத்தம் போட்டு, அது மேலேயே நிற்கும்படி 'பின்' பண்ணுங்கள். 'ஆமென் டைப் பண்ணுங்கள், தள்ளிவிட்டால் ஆசீர்வாதம் போகும்' என்பதும் இதே ரகம்தான். கமெண்ட் கூடினால் வீடியோ இன்னும் நாலு பேருக்குப் போகும், அவ்வளவுதான் அதன் காரணம். பயந்து டைப் பண்ணுகிற பாட்டிக்கு அது தெரியாது.

பணத்துக்கு வருவோம். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. 2 கொரிந்தியர் 8இல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார், ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு என்று காரணமும் எழுதுகிறார். நம் லைவில் தெரியும் கியூஆர் கோடு யார் பெயரில் இருக்கிறது? சூப்பர் சாட்டில், அதாவது லைவ் பார்க்கிறவர் பணம் கட்டிப் போடும் மெசேஜில், 100 ரூபாய் விழுந்தால் சுமார் 30 யூடியூபுக்கு, மீதி, அந்தப் பணம் வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கு யார் பெயரிலோ அவருடைய வருமானம். ஏழைகளுக்கென்று சொல்லி அதில் வாங்காதீர்கள். கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட தமிழர் அனுப்பும் 50 டாலரும் சட்டப்படி அந்நியப் பங்களிப்பு. அதற்கு மத்திய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் டில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கிறவர் தன் சம்பளத்திலிருந்து அனுப்புவதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அதுவும் இருக்க, பார்க்கிறவர் ஏற்கெனவே ஒரு சபையில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவரிடம் தசமபாகம் கேட்காதீர்கள். அவர் வீட்டில் சாவு விழுந்தால் அடக்கத்துக்கு வரப்போகிறவர் அந்த ஊர்ப் பாஸ்டர். ஞானஸ்நானமும் இராப்போஜனமும் அங்கேதான்.

சபையே இல்லாதவர் என்றால் பெயரையும் ஊரையும் வாங்கி, அவர் சம்மதத்தோடு, நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சபையின் பாஸ்டரிடம் சேர்த்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு போன் போட்டு "போனீங்களா?" என்று கேளுங்கள். போனவர் உங்கள் லைவைப் பார்ப்பது குறையும். வியூஸ் இறங்கும். அதற்கு மனதில்லாதவர் கேமராவைத் திருப்பி வைத்துவிடலாம்.

கடைசியாக ஒரு சில்லறை வேலை. சேனல் கணக்கு கைவிட்டுப் போனால் மீட்க உதவும் ரெகவரி நம்பர் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். பல சபைகளில் அது பாஸ்டரின் மகன் பழைய சிம்மில் போட்டுவைத்த நம்பராக இருக்கும். பொறுப்பாளர்களில் இரண்டு பேரையாவது ஓனர்களாகச் சேர்த்து, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி சபைப் பெட்டகத்தில் வையுங்கள்.