32ஆம் நாள்

போன சனிக்கிழமை காலை ஆறேகால் மணி இருக்கும். முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில் குதிரையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்த பெரியவர் ஒருவர் எஞ்சினை நிறுத்தி என்னை மறித்தார். அம்மப்பாவோடு சேர்ந்து வயல் செய்தவர். சின்ன வயதில் என்னைத் தூக்கித் திரிந்தவர். "பிள்ளை எங்கே?" என்று கேட்டார். வீட்டில் அம்மாவிடம் என்றேன். "பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு உனக்கு என்ன குதிரை வேண்டியிருக்கிறது மகள்?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி இத்தனை நாளாகியும் என்னை விடவில்லை. அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவர் முகநூல் பார்ப்பதில்லை. பார்க்கிற பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

குதிரை என்னுடையது அல்ல, மாமாவுடையது. அம்மப்பா நெடுந்தீவுக்காரர். குளத்தின் கீழ் காணி கிடைத்து ஒட்டுசுட்டான் பக்கம் வந்து குடியேறியவர். வன்னி மண் அவருக்கு நெல் கொடுத்தது, ஆனாலும் கண்ணில் நெடுந்தீவின் மட்டக்குதிரைகள்தான் நின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை, வெட்டவெளியில் கூட்டமாக மேய்பவை, கோடையில் தண்ணீர் இல்லாமல் செத்து விழுபவை. அந்தத் தீவின் பழைய குதிரை லாயத்துத் தூண்களில் ஏறி விளையாடிய கதையைச் சாகும்வரை சொன்னார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மாமா, மீள்குடியேறி, வீடு கட்டி, இரண்டு போகம் ஒழுங்காக விளைந்த பிறகு முதலில் வாங்கியது ஒரு குதிரை. நுவரெலியாவில் ஓடி முடித்த பெண்குதிரை. செம்மண் நிறம். பசுவுக்கு வைப்பதுபோல் 'சிவப்பி' என்று பெயர் வைத்தோம். கல்யாண ஊர்வலங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அவளை நடத்தி ஓட்டி உடம்பு இறுகாமல் வைத்திருக்க ஆள் வேண்டும். 16 வயதிலிருந்து அந்த ஆள் நான்தான்.

கல்யாணம் கட்டிய பிறகும் விடவில்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளில் நிறுத்தினேன். அதில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியும்.

பிள்ளை சத்திரசிகிச்சையில் பிறந்தாள். வீட்டுக்குப் போகும் நாளில், எப்போது மறுபடி குதிரை ஏறலாம் என்று வைத்தியசாலையில் கேட்டேன். யாரிடம் கேட்டேனோ அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி அவரும் சிரித்தார். பதில் கிடைக்கவில்லை. இதே கேள்வியை ஒரு கரப்பந்தாட்ட வீரர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கேட்டிருந்தால், இத்தனை வாரம், இந்தப் பயிற்சி என்று எழுதியே கொடுத்திருப்பார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

பிறகு ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பொறுமையாக விளக்கினார். அதை இங்கே எழுதிவைக்கிறேன், இன்னொருத்திக்கு உதவும். சுகப்பிரசவமாக இருந்தாலும் குறைந்தது ஆறு வாரம் போய், வைத்தியர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் யோசிக்கவே வேண்டும். சத்திரசிகிச்சை என்றால் அதைவிடக் கூட, மூன்று மாதம் அளவுக்குப் பொறுப்பது நல்லது. வெளியே தோல் ஆறிவிடும். உள்ளே வெட்டித் தைத்த பல அடுக்குகள் ஆற நாளெடுக்கும். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் இடுப்பு மூட்டுகளின் தசைநார்களை நெகிழ்த்திவிடுகிறது. பிள்ளை பிறந்த மறுநாளே அந்த நெகிழ்வு போய்விடுவதில்லை. குதிரையேற்றமோ முழுக்க முழுக்க இடுப்பிலும் தொடையிலும் அடிவயிற்றிலும் நிற்கிற காரியம். ஆகவே முதலில் தரையில் நடை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கீழே இழுப்பதுபோல் கனத்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். அப்புறம் குதிரையின் மெதுநடை மட்டும். குதிரை நடக்கும்போது, மேலே இருப்பவரின் இடுப்பு மனிதர் நடக்கும்போது அசைவதைப்போலவே அசைகிறது. அதனால்தான் குதிரை நடையை ஒரு சிகிச்சையாகவே பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஓட்டமும் பாய்ச்சலும் கடைசியில்தான்.

14ஆம் வாரம் மாமா சிவப்பியின் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, நான் முற்றத்தைச் சுற்றி நாலு சுற்று போனேன். அவ்வளவுதான். இறங்கியபோது கால் நடுங்கியது. சேணத்தில் முகம் புதைத்து அழுதேன். ஏன் என்று மாமா கேட்கவில்லை.

உடம்பு தயாரானபோது நேரம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கணக்குப் பாருங்கள். கைக்குழந்தை நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி என்றால் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் அதிலேயே போய்விடும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவது. நான் அதைக் கடைப்பிடித்தேன். எடுத்துவைத்த பால் 25 பாகைக்குள் நான்கு மணித்தியாலம் வெளியே தாங்கும் என்கிறார்கள். வன்னி வெயிலில் அந்த நான்கை நம்ப முடியாது. சரி, விடியுமுன் போவோம் என்றால், குளக்கட்டிலும் வாய்க்கால் கரையிலும் அந்த நேரம் யானைகளுக்கு உரியது. மாலையில் வெக்கை அடங்கும்போது பிள்ளைக்குச் சிணுங்கல் தொடங்கும். மிஞ்சுவது வெளிச்சம் வந்த பிறகு, வெயில் ஏறுமுன், பால் கொடுத்து முடித்த கையோடு ஒரு முக்கால் மணி நேரம். விடுமுறை முடிந்து நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிறகு அதுவும் சனி, ஞாயிறு மட்டும். 7.30 மணிக்கு மணி அடித்துவிடுவார்களே.

அந்த முக்கால் மணியை நான் எங்கிருந்தும் எடுத்துவிட முடியாது. யாராவது கைநீட்டிப் பிள்ளையை வாங்கினால்தான் அது உண்டு. எழுத வந்ததே இதைத்தான்.

நம்முடைய ஊர் இதை அறியாத ஊர் அல்ல. பிள்ளை பெற்ற வீட்டில் 31 நாள் என்னை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? நொச்சியும் ஆடாதோடையும் பாவட்டையும் அவித்த தண்ணீரில் வேது பிடித்தார்கள். சரக்கு அரைத்துக் கறி வைத்தார்கள். பால் ஊற வேண்டும் என்று மாமி முல்லைத்தீவிலிருந்து பால்சுறா வாங்கிவந்தார். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் வாய்க்குள்ளேயே தந்தார்கள். குனியாதே, பாரம் தூக்காதே, கண்ணை விழித்து வாசிக்காதே. சில கட்டுப்பாடுகள் எனக்கு எரிச்சலாக இருந்தன என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த 31 நாளும், பிள்ளையைப் போலவே தாயும் ஒரு பிறந்த உயிர் என்று அந்த வீடு நடந்துகொண்டது. அதைக் கண்டுபிடித்த எங்கள் கிழவிகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பிறகு துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழித்தார்கள். ஐயர் வந்து போனார். வீடு கழுவியாயிற்று. 32ஆம் நாள் காலையில் தேநீர் போட்டது நான். அன்றிலிருந்து வருகிற எல்லோரும் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தார்கள். "பிள்ளை தூங்குகிறதா, பிள்ளைக்கு நிறை கூடியிருக்கிறதா?" நீ தூங்கினாயா என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அரசாங்கச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். அரச சேவையில் இருக்கும் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுமுறை. பெரிய விஷயம், போராடிப் பெற்றது, நான் குறை சொல்லவில்லை. என் கணவரும் அரச உத்தியோகத்தர்தான். தந்தைக்கு 3 நாள். அந்த மூன்று நாளும் வைத்தியசாலை வாசலிலேயே முடிந்துவிட்டது. 84க்கும் 3க்கும் நடுவில் ஒரு வீட்டின் பழக்கம் முழுவதும் உருவாகிவிடுகிறது. யார் பிள்ளையின் அழுகையை இனங்காணப் பழகுகிறார், யாருக்கு ஏணை கட்டத் தெரிகிறது, யாருக்குத் தெரிவதில்லை என்பதெல்லாம் அந்த மாதங்களில் முடிவாகிறது.

கணவர் நல்லவர். இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பிள்ளை பிறந்த மூன்றாவது வாரமே அவர் மாலையில் கரப்பந்து விளையாடப் போகத் தொடங்கினார். நாலரைக்குப் போனால் பந்து கண்ணுக்குத் தெரியாமல் இருட்டும்வரை. ஊரில் ஒருவர்கூட அவரை மறித்து "பிள்ளை எங்கே?" என்று கேட்கவில்லை. அவருடைய விளையாட்டு உடம்புக்கு நல்லது, மனதுக்கு நல்லது, இளைஞர்களுக்கு முன்மாதிரி. அத்தனையும் உண்மைதான். என் குதிரைக்கும் அதே மூன்றும் உண்மை. ஒரு நாள் இரவு இதை அவரிடம் இப்படியே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போ, நான் பார்க்கிறேன்" என்றார். பிள்ளை முக்கால் மணியில் பாதி நேரம் அழுதிருக்கிறாள். அவர் பழகினார். அவளும் பழகினாள்.

டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. குதிரையேற்றத்தில் பெயர் வாங்கிய பெண். 1944இல், 23 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது இளம்பிள்ளைவாதம் தாக்கியது. பிள்ளை நலமாகப் பிறந்தது. தாய்க்கு முழங்காலுக்குக் கீழே கால்களுக்கு இயக்கம் திரும்ப வரவில்லை. அவர் மறுபடி நடக்கப் பழகி, மறுபடி குதிரையில் உட்காரப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரைப் பயிற்றுநடைப் (டிரெஸ்ஸாஜ்) போட்டியில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. ஆண்களோடு ஒரே களத்தில் போட்டியிட்டு அவர் வெள்ளி வென்றார். 1956இல் இன்னொரு வெள்ளி. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது பதக்கம் அல்ல. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். அதை யாரும் கூச்சமாக நினைக்கவில்லை.

இதை வாசிக்கிறபோது, உனக்கு அம்மா இருக்கிறார், மாமா இருக்கிறார், கணவர் இருக்கிறார், எழுதுகிறாய் என்று சிலர் நினைப்பீர்கள். சரியான நினைப்பு. நம்முடைய மாவட்டங்களில் ஆண் துணை இல்லாமல் குடும்பத்தைத் தனியே இழுக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரே பலர். அவர்களுக்குக் கைநீட்டிப் பிள்ளையை வாங்க வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் இதைக் கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சாக மட்டும் விட என்னால் முடியவில்லை. 31 நாளைக்கு ஊர் முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்பத் தெரிந்த நமக்கு, 32ஆம் நாளிலிருந்து வாரத்தில் ஒரு மணி நேரம் முறை வைத்துப் பிள்ளை பார்க்கத் தெரியாதா?

அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், நான் போவது உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமா என்று. தம்பி பிறந்த கதையைச் சொன்னார். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். மழை ஒழுகும். பத்தியமும் இல்லை, வேதும் இல்லை, 31 நாளும் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் இருந்த, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண் தினமும் பின்னேரம் வந்து தம்பியை வாங்கிக்கொள்வாராம். அந்த நேரத்தில் அம்மா கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு, தலை காயும்வரை அங்கேயே சும்மா உட்கார்ந்திருப்பாராம். "அந்த நேரம் இல்லாவிட்டால் எனக்குப் புத்தி பேதலித்திருக்கும். நீ போய்விட்டு வா" என்றார்.

எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். மகனுக்கு ஐந்து மாதம். கணவர் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு நாள் வருவார். போன ஞாயிறு குதிரையைக் கட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போய், வாரத்தில் ஒரு மணி நேரம் நான் பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தைக்கப் போவதாகவோ கோயிலுக்குப் போவதாகவோ சொல்வாள் என்று நினைத்தேன். "தூங்குவேன் அக்கா" என்றாள். இந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அவனை வாங்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.