அண்ணி ஏறும் ஆறரை மணி பஸ்

அண்ணனின் டிவிஎஸ் 50 வாய்க்கால் மதகில் ஏறும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அம்மா சொல்லிவிடுவார். நிதானமாக ஏறினால் சோறு போடலாம். உறுமி உறுமி நின்றால் பிள்ளைகளை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பதினோரு வருடம் எங்கள் வீட்டில் ராத்திரி என்றால் அதுதான். குடித்தவர் ஒருவர். தூக்கம் போனது ஐந்து பேருக்கு.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அறுப்புக் காசை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தோம். அவர் வேலைக்குப் போகாத நாளெல்லாம் மெஷின்காரருக்குப் போன் போட்டு "அண்ணனுக்குக் காய்ச்சல்" என்று பொய் சொன்னது நான். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களுக்குக் காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தது அம்மா. கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டினோம். "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கிக் குழம்பில் கலந்தோம். அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாதிரி மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவருக்குச் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. நாங்கள் கலந்த பொடியில் என்ன இருந்ததோ, இன்றுவரை தெரியாது.

ஒரு ஆடி மாதம் அறையில் வைத்துப் பூட்டினோம். மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. வருடக்கணக்காகக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் வரும், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பது அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தார்.

அந்த மருத்துவமனையில் அண்ணி ஒன்பது நாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "திரும்பக் குடிக்காமப் பாத்துக்கம்மா."

எனக்குக் கோபமெல்லாம் இந்த ஒரு வார்த்தை மேல்தான். இது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது, தெரியும். ஆனால் மறுபடி அவர் குடித்த அன்றைக்கு அண்ணி தன்னைத்தான் குற்றவாளியாக நினைத்துக்கொண்டார். ஊரும் அப்படித்தானே பேசுகிறது? கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று கல்யாணம் செய்து வைப்பார்கள், திருந்தவில்லை என்றால் பொண்டாட்டி சரியில்லை என்பார்கள்.

அதே பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாதான் அல்-அனான் பற்றிச் சொன்னார். குடிப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து உருவாக்கியது அல்-அனான். லோயிஸ் பற்றி ஒரு சம்பவம் உண்டு. பில் குடியை விட்ட பிறகு, "கூட்டத்துக்கு நேரமாச்சு, கிளம்பு" என்று ஒருநாள் சொல்ல, லோயிஸ் அவர் மேல் செருப்பைத் தூக்கி எறிந்தாராம். குடி நின்ற பிறகும் அந்தப் பெண்ணின் உள்ளே அவ்வளவு இருந்திருக்கிறது. அண்ணியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இருக்கும் தம்பி" என்றார்.

திருச்சியில் நடக்கும் அல்-அனான் கூட்டத்துக்கு முதல் தடவை நானும் அண்ணிக்குத் துணைக்குப் போனேன். ஒரு அறை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி. ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, கட்டணம் கிடையாது. வாடகைக்கும் டீக்கும் விருப்பப்பட்டவர் போடுவதுதான். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே புகுந்து புத்தி சொல்வதில்லை. அங்கே பேசியது அங்கேயே இருக்கும். அங்கே கேட்ட மூன்று விஷயங்கள்: இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. மூன்றாவதைக் கேட்டதும் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பி வரும்போது பாபநாசம் தாண்டித்தான் பேசினார். "என்னைப் பத்தி ஒரு மணி நேரம் யாரும் கேட்டதில்ல தம்பி, எல்லாரும் அவரைப் பத்தித்தான் கேப்பாங்க."

அப்புறம் நாங்கள் பொய் சொல்வதை நிறுத்தினோம். கடனையும் நாங்கள் அடைப்பதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேசினார்கள். அண்ணன் இன்னும் குடிக்கிறார். ஆனால் அண்ணி தூங்குகிறார், பிள்ளைகள் மதகுச் சத்தத்துக்கு எழுந்து உட்காருவதில்லை. இதுவே பெரிது என்கிறேன். (அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கூட்டம் மட்டும் போதாது. பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். குடி, போதை சிகிச்சை பற்றிக் கேட்க 14446, கட்டணமில்லை.)

வலங்கைமானிலிருந்து திருச்சி போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடவு நாளில் எந்தப் பெண்ணால் முடியும்? இந்தக் கூட்டம் நம் பக்கத்திலேயே நடக்க வேண்டும். குடிக்கு ஊரிலேயே உதவி என்பது டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. 1980களின் கடைசியிலேயே சென்னை டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது, நம் மஞ்சக்குடிக்கு வந்து முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்திருக்கிறது. மகளிர் குழுவுக்கு வாரம் தவறாமல் உட்கார்ந்து பழகிய பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களும் இருக்கின்றன. சொந்த ஊரில் பேசக் கூச்சம்தான், எல்லோரும் மாமன் மச்சான். சரி, குடவாசல்காரர்கள் மன்னார்குடிக்குப் போகட்டும், மன்னார்குடிக்காரர்கள் கும்பகோணத்துக்குப் போகட்டும். ஆண்களும் வர வேண்டும். மகன் குடிப்பதை வெளியே சொல்ல முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். நண்பனைத் தினமும் தூக்கி வந்து வீட்டில் விடுகிறவனுக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு.

அண்ணி மாதம் இரண்டு சனிக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் போகிறார். வலங்கைமான், குடவாசல் பக்கத்திலிருந்து யாராவது கூட வருவதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.